குடும்பத்தோடு கள்ளுக்கடைக்குப் போனோம்

கார்த்திகை தீபத்தன்று சம்பந்தி வீட்டார் எங்கள் அத்திப்பட்டு வீட்டுக்கு வந்திருந்தார்கள். அடையும் பொரி உருண்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் பேத்தி, "ஆலப்புழையில கள்ளுக்கடையில வாத்துக்கறி சாப்பிட்டோமே, அது மாதிரி இங்க கிடைக்காதா தாத்தா?" என்று கேட்டுவிட்டாள். கூடத்தில் சத்தமே இல்லை. சம்பந்தி என்னைப் பார்த்து, "பொம்பளைப் பிள்ளையக் கூட்டிக்கிட்டு கள்ளுக்கடைக்கா போனீங்க, சம்பந்தி?" என்றார்.

சம்பந்தியிடம் வாதம் செய்யக் கூடாது என்று அங்கே சிரித்து மழுப்பிவிட்டேன். அவர் வலைப்பூ படிப்பவர் இல்லை. அதனால் பதிலை இங்கே எழுதுகிறேன்.

ஆமாம், போனோம். தீபாவளி கழித்து நான்கு நாள் விடுப்பு போட்டு மகன் எங்களைக் குட்டநாடு அழைத்துப் போனான். நமக்கு ஐப்பசி, அவர்களுக்குத் துலாம். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இடியும் மழையும். மழை விட்டதும் வாய்க்கால் ஓரமாக ஓர் ஓட்டுக் கட்டடத்துக்குப் போனோம். குடும்பத்தார் உட்காரத் தடுப்புப் போட்ட தனித்தனி அறைகள். கப்பைக்கிழங்கு மசியல், காரமான மீன் கறி, கரிமீன் வறுவல், வாத்து. நான் இரண்டு தம்ளர் கள் குடித்தேன், மகன் ஒரு குப்பி. மருமகள் ஒரு வாய் வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். என் மனைவி முகர்ந்துவிட்டு, "பழைய சோத்துத் தண்ணி வாசம்" என்று தள்ளி வைத்தாள். பேத்திக்கு எலுமிச்சை ரசம். பக்கத்து அறையில் ஒரு பாட்டி பேரனுக்கு முள் எடுத்து ஊட்டிக்கொண்டிருந்தார். எட்டு மணிக்குக் கடை அடைப்போம் என்று ஏழரைக்கே வந்து சொல்லிவிட்டார்கள். யாரும் தள்ளாடவில்லை. யாரும் யாரையும் திட்டவில்லை.

எனக்கு இது புதிதல்ல. நான் காரைக்கால்காரன். பிரெஞ்சில் படித்தவன். 'ஒத்தோன்' என்றால் இலையுதிர் காலம், அப்போது திராட்சை அறுவடை, அதற்குப் பெயர் 'வாந்தாஞ்ச்' என்று வாத்தியார் சொன்னதும் வகுப்பே சிரித்து முட்டி போட்டது நினைவிருக்கிறது. எங்கள் ஊரில் எந்த இலையும் உதிரவில்லை; அடைமழைதான் பெய்தது. மார்ன் ஆற்றங்கரையில் 'கேங்கெட்' என்று சாப்பாடும் மதுவும் பாட்டுமாக இருக்கும் கடைகளுக்கு ஞாயிறுதோறும் பாரிஸ்காரர்கள் பிள்ளைகுட்டிகளோடு போவார்கள் என்றும் அவர்தான் சொன்னார். எனக்கு உடனே அப்பா கூட்டிப்போகும் தென்னந்தோப்புக் கடைதான் தோன்றியது. அப்பா கையில் மொந்தை, எனக்கு வாழை இலைத் துண்டில் சுண்டலும் வறுத்த இறாலும். பனங்கள் கோடையில், ஐப்பசியில் தென்னங்கள். மழை நாளில் மரமேறி வழுக்காமல் இறங்கி வருவதை வாய் பிளந்து பார்ப்பேன். அதே நேரம் எல்லைக்கு அப்பால் மதராஸ் மாகாணம் முழுக்க 1948 முதல் மதுவிலக்கு. நாகப்பட்டினத்திலிருந்தும் மாயவரத்திலிருந்தும் எங்கள் ஊருக்கு வந்து அவசரமாகக் குடித்துவிட்டுத் தள்ளாடிப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தோப்பில் உட்கார்ந்து குடித்தவர்கள் நிதானமாக எழுந்து போனார்கள். ஒளிந்து குடிக்க வந்தவர்கள்தான் விழுந்தார்கள்.

சேலத்தில் 1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி தொடங்கிவைத்த மதுவிலக்கு 1971-ல் தளர்ந்தது. 1973-ல் கள்ளுக்கடைகளையும் 1974-ல் சாராயக்கடைகளையும் மூடினார்கள். 1981-ல் இரண்டையும் திறந்தார்கள், 1987 ஜனவரி 1-ல் மறுபடி மூடினார்கள். கள்ளுக்கு அன்று போட்ட பூட்டு இன்னும் திறக்கவில்லை. ஆனால் 2003 முதல் அரசே சில்லறைக் கடை போட்டு விற்கிறது. 2023-24-ல் 4,800-க்கு மேல் கடைகள், 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய். கள்ளில் ஆல்கஹால் நான்கைந்து சதவீதம், புளிக்கப் புளிக்க எட்டு வரை போகலாம். அரசு விற்கும் பிராந்தியில் 42.8. எட்டு சதவீதம் உடம்புக்கு ஆகாது, 42.8 ஆகும் என்ற மருத்துவத்தை எந்தக் கல்லூரியில் படித்தார்கள்? மாநில மரம் என்று பனைக்குப் பட்டம் வேறு கொடுத்திருக்கிறார்கள். அதே பாளையில் சுண்ணாம்பு தடவிய கலயம் கட்டினால் பதநீர், தடவாமல் கட்டினால் குற்றம்.

(சினிமாவில் காணாமல் போன ஊர் அத்திப்பட்டி. இது அத்திப்பட்டு. நிலக்கரித் தூசிக்கு நடுவே இன்னும் இருக்கிறோம்.)

இந்தப் பக்கத்தில் ஷிப்ட் முடிந்து வருகிறவன் என்ன செய்கிறான்? கம்பிக் கதவுக்குள் கையை விட்டு ஒரு குவாட்டர் வாங்குகிறான். சுவர் ஓரம் நின்று, தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பீய்ச்சி, இரண்டே மடக்கில் முடிக்கிறான். பெண்கள் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார்கள். அவனும் ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடக்கூடியவன் என்று அந்த இடம் அவனுக்கு நினைவுபடுத்துவதே இல்லை. என் மனைவியின் தம்பி இப்படித்தான் பதினைந்து வருஷம் நின்றுகொண்டே குடித்தான். ஒப்பந்தத் தொழிலாளி. 46 வயதில் ஈரல் போய் இறந்தான். வயிற்றில் தண்ணீர் கோத்து அவன் படுத்திருந்த இரண்டு மாதம் நாங்கள்தான் பார்த்துக்கொண்டோம்.

அதனால்தான் இந்த விஷயத்தில் வீட்டிலேயே எனக்கு எதிர்க்கட்சி உண்டு. "அவன் கள்ளுக் குடிச்சிருந்தா பிழைச்சிருப்பானா? குடிக்கிறவன் எதையும் குடிப்பான். எங்களுக்கு உட்கார இடம் வேணும்னா ஒரு பூங்கா கட்டச் சொல்லுங்க" என்கிறாள் மனைவி. பாதி நியாயம். கள்ளில் மயக்க மருந்து கலந்த வழக்குகள் கேரளத்திலும் வந்திருக்கின்றன, அதை மறைக்க மாட்டேன். தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்த்த பெரியாருக்கும் காரணம் இருந்தது. ஆனால் கள் இல்லாத நம் மாநிலத்தில்தான் 2023-ல் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் 20-க்கு மேற்பட்டோர் மெத்தனால் சாராயத்தில் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேல். தொழிற்சாலை விஷத்தைக் குடித்தவர்கள் அவர்கள், மரத்தில் இறக்கியதை அல்ல.

நான் கோப்பு பார்த்தே பென்ஷன் வாங்கியவன். என் யோசனை குமாஸ்தா யோசனைதான். அந்தக் காலத்தில் மரவரி என்று இருந்தது: எந்த மரம், யார் ஏறுகிறார், எந்தக் கடைக்குப் போகிறது என்று ஏட்டில் இருக்கும். மரத்துக்கு எண் போடுங்கள். அந்த வட்டத்து மரத்துக் கள்ளை அந்த வட்டத்துக் கடையில் மட்டும் விற்கட்டும். சமைத்த சாப்பாடு இல்லாத கடைக்கு உரிமம் கிடையாது, நாற்காலி இல்லாமல் விற்பனை கிடையாது, எட்டு மணிக்கு அடைப்பு. பெண்கள் உள்ளே வரத் தயங்கும் கடையின் உரிமத்தை மறு ஆண்டு புதுப்பிக்காதீர்கள். பிராந்திக் கடைகளை அதே எண்ணிக்கையில் குறையுங்கள். இந்தக் கடைசி வரியை எந்தக் கட்சியும் படிக்காது, ஏனென்றால் அதில்தான் 45,000 கோடி இருக்கிறது.

இதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். "மரத்துக்கு நம்பர் எழுதுற வேலைக்கு நீங்க போங்க, ஒரு வருஷத்துக்கு நான் நம்புறேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, தம்பி பெயரைச் சொல்லி, அவனுக்கும் அந்த வாத்துக்கறி பிடித்திருக்கும் என்றாள்.

அடுத்த ஐப்பசிக்கும் ஆலப்புழை எக்ஸ்பிரசில் டிக்கெட் போடுவதாக மகன் சொல்லியிருக்கிறான். சம்பந்தியையும் அழைக்கலாமா என்று பேத்தி கேட்கிறாள்.