வீசிய பந்துகளை எண்ணுவது யார்?

2021 மார்ச் 28 ஆம் திகதி பூனேயில் நடந்த ஒருநாள் போட்டியின் கடைசி ஓவரைத் துடுப்பாட்ட ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இங்கிலாந்துக்குத் தேவைப்பட்டது 14 ஓட்டங்கள். களத்தில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தவர் சாம் கரன். பந்து சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனின் கையில். அந்த ஓவரில் அவர் கொடுத்தது ஆறே ஓட்டங்கள். இந்தியா 7 ஓட்டங்களால் வென்றது.

அடுத்த மாத இறுதியில் அவருக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன் பின் 2025 வரையில் அவர் இந்தியாவுக்காக ஒரு போட்டியிலும் ஆடவில்லை. 2020இல் வலைப்பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா சென்று, ஒரே சுற்றுப்பயணத்தில் மூவகைப் போட்டிகளிலும் அறிமுகமான முதல் இந்தியர் என்ற பெருமையுடன் திரும்பியவர் அவர். அவருடைய சர்வதேசக் கணக்கோ ஒரு டெஸ்ட், இரண்டு ஒருநாள், நான்கு இருபதுக்கு இருபது போட்டிகளுடன் நின்றுபோயிற்று. திறமை மங்கிவிட்டதா என்றால், அதுவும் இல்லை. 2024 ஐ.பி.எல். தொடரில் 19 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவ்வாண்டு ஏலத்தில் டெல்லி அணி 10.75 கோடி இந்திய ரூபாவுக்கு அவரை எடுத்தது. ஆனால் 2025 தொடரில் அவர் களமிறங்கியது இரண்டே இரண்டு போட்டிகளில்.

இத்தகைய கதைகளைக் கேட்டதும், "கொடுப்பினை இல்லை" என்று சொல்லி நகர்ந்துவிடுவது நம்மவர் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேகப்பந்து வீச்சாளனின் காயத்தில் தலைவிதிக்கு உள்ள பங்கைவிடக் கணக்குக்கு உள்ள பங்கு பெரிது என்பதே என் எண்ணம்.

ஓடிவந்து முன்காலை ஊன்றும் கணத்தில் உடலெடையைப் போலப் பல மடங்கு விசை அந்தக் காலில் இறங்குகிறது. அதே கணத்தில் இடுப்பு முறுகி, முதுகு பக்கவாட்டில் வளைகிறது. ஒரு பந்தில் எதுவும் ஆகிவிடாது. ஆயிரக்கணக்கான பந்துகளில், ஓய்வு போதாத எலும்பில் மயிரிழை போன்ற வெடிப்பு விழுகிறது. முதுகெலும்பின் கீழ்ப்பகுதி முழுமையாக உறுதிபெற இருபது வயதும் தாண்டவேண்டும் என்பதால், ஆபத்து அதிகமாக இருப்பது பதின்ம வயதினருக்குத்தான். 2004 பாகிஸ்தான் சுற்றுப்பயணத்தில் கொண்டாடப்பட்ட தமிழகத்தின் பாலாஜியைச் சாய்த்ததும் இந்த முதுகு வெடிப்பே. பந்துவீசும் பாணியையே மாற்றிக்கொண்டு மீண்டார். ஆயினும் அவருடைய டெஸ்ட் கணக்கு எட்டைத் தாண்டவில்லை.

மீண்டு உச்சத்தைத் தொட்டவர்களும் உண்டு. பட் கமின்ஸ் 2011 நவம்பரில், 18 வயதில், ஜொஹனஸ்பேர்க்கில் தன் முதல் டெஸ்டை ஆடி, இரண்டாம் இன்னிங்ஸில் 6 விக்கெட்டுகளைச் சாய்த்தார். அவருடைய அடுத்த டெஸ்ட் 2017 மார்ச்சில் ராஞ்சியில். இடையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் காயமும் ஓய்வுமாகக் கழிந்தன. பின்னர் அவர் தலைமையில் ஆஸ்திரேலியா 2023இல் உலகக் கிண்ணத்தை வென்றது. அந்த ஐந்து ஆண்டுகளும் அவரைத் தாங்கிப் பிடிக்க ஒப்பந்தம் இருந்தது, வைத்தியர்கள் இருந்தார்கள், அவசரப்படாத ஒரு சபை இருந்தது. காத்திருப்பதற்கும் காசு வேண்டும், வாசகர்களே!

அமெரிக்காவின் பேஸ்போலில் இந்தப் பாடம் இன்னும் பழையது. 1974இல் டொமி ஜோன் என்ற வீரரின் முழங்கையில் அறுந்த தசைநாருக்குப் பதிலாக இன்னொரு தசைநாரைப் பொருத்தினார் வைத்தியர் பிராங்க் ஜோப். அவ்வீரர் 1976இல் களத்துக்குத் திரும்பி 1989 வரை ஆடினார். அச்சிகிச்சைக்கே அவர் பெயர் நிலைத்தது. ஆனால் காலப்போக்கில் பாடசாலைச் சிறுவர்களும் அதே சிகிச்சைக்கு வரிசையில் நின்றபோதுதான் அங்குள்ளோர் விழித்துக்கொண்டார்கள். 2014இல் வந்த வழிகாட்டலின்படி 13, 14 வயதுச் சிறுவன் ஒரு நாளில் 95 பந்துகளுக்கு மேல் வீசக்கூடாது. வீசிய எண்ணிக்கைக்கு ஏற்ப ஓய்வு நாட்களும் வகுக்கப்பட்டன.

இனி நம் ஊருக்கு வருவோம். வட்டக்கச்சியில் ஒரு சனி, ஞாயிறு முழுவதும் நான் கையில் கொப்பியுடன் உட்கார்ந்திருந்தேன். 17 வயது இளைஞன் ஒருவன், போருக்குப் பின் பிறந்த தலைமுறை. சனிக்கிழமை காலை சீமெந்துத் தளத்தின் மேல் விரிப்புப் போட்ட ஆடுகளத்தில் கடினப்பந்தில் 4 ஓவர். பின்னேரம் கழகத்துக்காக மூன்று மென்பந்து ஆட்டங்களில் 6 ஓவர். ஞாயிறு அரையிறுதியிலும் இறுதியிலுமாக 4 ஓவர். மொத்தம் 84 பந்துகள். அகலப்பந்துகள், முறையற்ற பந்துகள், ஆட்டத்துக்கு முன் கை சூடேற்ற வீசியவை இதில் சேரா. வாரநாட்களின் பாடசாலைப் பயிற்சியும் சேராது.

இந்த எண்ணிக்கை தன்னளவில் பயங்கரமானதல்ல. என்னைத் தைத்தது வேறொன்று. பாடசாலைப் பொறுப்பாசிரியருக்குப் பாடசாலைக் கணக்கு தெரியும். கழகத் தலைவருக்குக் கழகக் கணக்கு தெரியும். இரண்டையும் கூட்டிப் பார்த்தவர் ஒருவருமில்லை. முதுகில் நோ உண்டா என்று கேட்டேன். "கொஞ்சம் பிடிச்சமாதிரி இருக்கு ஐயா, எண்ணெய் பூசினால் சரியாயிடும்" என்றான். முறிவு நெரிவு வைத்தியத்தைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. ஆனால் மயிரிழை வெடிப்பைக் கைவிரல் உணராது. சாதாரண எக்ஸ்ரே படத்திலும் அது தப்பிவிடக்கூடும். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் சில மாத ஓய்வில் பொருந்தும். காணாமல் விட்டால் ஆட்டமே முடிந்துபோகலாம்.

புலம்பெயர்ந்த உறவுகளிடம் ஒரு வார்த்தை. ஊர்க் கழகங்களுக்கு நீங்கள் அனுப்பும் கிண்ணங்களும் சீருடைகளும் பணப்பரிசுகளும் அன்பினால் வருபவை. சந்தேகமில்லை. ஆனால் பரிசுத்தொகை உயர உயர, வேகமாக வீசும் ஒரே பையனை எல்லா ஆட்டத்திலும் இறக்கும் ஆசையும் உயர்கிறது. அதில் ஒரு பங்கை ஒதுக்கி, மாதத்தில் இரண்டு நாட்கள் ஓர் இயன்மருத்துவர் கிராமத்துக்கு வந்துபோக வழிசெய்யுங்கள். 2025 செப்டெம்பரில் மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நல்ல செய்திதான். அதில் ஆடப்போகிறவனின் முதுகுக்கும் யாராவது பொறுப்பேற்க வேண்டாமா?

"மாலிங்க கடற்கரையில் மென்பந்து வீசித்தானே வந்தார், அவருக்கு யார் எண்ணினார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர் வந்தார், வென்றார் என்பது உண்மை. முழங்காலைக் காரணங்காட்டி 2011இல், 30 போட்டிகளோடு, டெஸ்ட் அரங்கிலிருந்து விலகினார் என்பதும் உண்மை. தப்பிவந்த ஒருவரை நமக்குத் தெரியும். ஊரோடு ஒடிந்துபோனவர்களின் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை.

வட்டக்கச்சி விவசாயிக்கு நான் புதிதாக எதையும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. சிறுபோகத்துக்கு முன் கூட்டம் கூடி, இரணைமடுவில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்று பார்த்து, அதற்கேற்ற ஏக்கரையே விதைக்க முடிவெடுப்பவர் அவர். குளத்தில் நீர் இருக்கிறது என்பதற்காக எல்லா வயலுக்கும் திறந்துவிட்டால், கதிர் முற்றுமுன் வாய்க்கால் வற்றிவிடும் என்பது அவருக்குத் தெரியும். பிள்ளையின் உடம்புக்கும் அதே கணக்குத்தான். ஒவ்வொரு வேகப்பந்து வீச்சாளனுக்கும் ஒரு கொப்பி. பாடசாலையும் கழகமும் அதே கொப்பியில் எழுதவேண்டும். இரு வாரங்களுக்கு மேல் முதுகு நொந்தால் பந்து கைக்கு வரக்கூடாது, வைத்தியசாலைக்குப் போகவேண்டும். இம்மூன்றுக்கும் ஆகும் செலவு ஒரு வெற்றிக் கிண்ணத்தின் விலைகூட இராது. அடுத்த சுற்றுப்போட்டிக்குப் பணம் அனுப்புமுன், அந்தக் கொப்பி இருக்கிறதா என்று ஒரு தடவை கேளுங்கள்.