168 என்னும் எண்ணும் அமெரிக்கத் துப்பாக்கி உரிமமும்



அமெரிக்கப் பள்ளி ஒன்றில் துப்பாக்கிச்சூடு நிகழும் ஒவ்வொரு முறையும் நம்மவர் புலனக் குழுக்களில் ஒரு வாதம் தவறாமல் உலா வருகிறது. ஆசிரியர் கையில் துப்பாக்கி இருந்திருந்தால் பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள் என்பது அதன் முதல் பாதி. உரிமம் பெற்றுத் துப்பாக்கியை மறைத்து ஏந்துவோர் குற்றமே செய்வதில்லை, அதற்குப் புள்ளிவிவரம் உண்டு என்பது இரண்டாம் பாதி. முதல் பாதியை ஆற்றாமை என்று விட்டுவிடலாம். இரண்டாம் பாதியோ எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு பேசுகிறது. விழுக்காடு கற்பிக்கும் நாம் அந்த எண்ணைத் தலைகீழாகப் புரட்டிப் பார்க்காமல் அடுத்த குழுவுக்கு அனுப்பிவிடுவது அழகன்று.

எண்ணுக்கு வருவோம். புளோரிடா மாநிலம் 1987 அக்டோபர் முதல், தகுதி உடைய எவருக்கும் கைத்துப்பாக்கியை மறைத்து ஏந்த உரிமம் வழங்கி வருகிறது. (இன்று அவ்வுரிமத்தை வழங்குவது அம்மாநில வேளாண்மைத் துறை. ஆம், வேளாண்மைத் துறையேதான்! உரமும் துப்பாக்கியும் ஒரே கூரையின் கீழ்.) 2011 தொடக்கம் வரை வழங்கப்பட்டவை ஏறத்தாழ 20 இலட்சம். உரிமம் பெற்ற பின் துப்பாக்கியைப் பயன்படுத்திக் குற்றம் இழைத்ததற்காகப் பறிக்கப்பட்டவை 168. ஒரு விழுக்காட்டின் நூறில் ஒரு பங்குகூட இல்லை! டெக்சசு மாநிலமும் இதே கதையைச் சொல்கிறது. 2012ஆம் ஆண்டில் அங்கே பதிவான 63,272 குற்றத்தீர்ப்புகளுள் உரிமதாரர்கள்மீது வந்தவை 120 மட்டுமே. துப்பாக்கி ஆதரவாளரான ஆய்வாளர் சான் இலாட் இத்தகைய எண்களைக் கொண்டு, உரிமதாரர்கள் காவலர்களைவிடவும் சட்டத்தை மதிப்பவர்கள் என்று எழுதி வருகிறார்.

நேர்மையாகவே சொல்லிவிடுகிறேன்: இவ்வெண்கள் கட்டுக்கதை அல்ல. உரிமதாரருள் மிகப் பெரும்பாலோர் குற்றம் புரியாதவர்கள் என்பதை மறுக்க எவராலும் இயலாது. என் வழக்கு வேறு. உரிமம் பறிக்கப்படும் விகிதம் எதை அளக்கிறது? குற்றத்தையா, நிர்வாகத்தின் விழிப்பையா?

கட்டொழுங்கு ஆசிரியரின் பதிவேடு ஆண்டு முழுதும் வெறுமையாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாணவர் எல்லாரும் நல்லொழுக்கச் சீலர்கள் என்பது ஒரு விளக்கம். பதிவேட்டை யாரும் திறக்கவே இல்லை என்பது மற்றொன்று. எந்தத் தலைமையாசிரியராவது பதிவேட்டை மட்டும் பார்த்து முதல் விளக்கத்திற்குப் பரிசு கொடுப்பாரா?

வட கரோலினாவில் பதிவேட்டைத் திறந்து பார்த்தவர்கள் உண்டு. உரிமதாரர் பெயர்கள் பொதுப் பார்வைக்குக் கிடைத்த மிகச் சில மாநிலங்களில் அன்று அதுவும் ஒன்று. நியூயார்க் டைம்சு நாளேடு உரிமதாரர் பட்டியலையும் நீதிமன்றப் பதிவுகளையும் ஒப்பிட்டு 2011 டிசம்பரில் முடிவை வெளியிட்டது. ஏறத்தாழ 240,000 உரிமதாரருள் 2,400க்கும் மேற்பட்டோர் ஐந்தாண்டுகளில் போக்குவரத்துக் குற்றம் அல்லாத பிற குற்றங்களுக்காகத் தண்டனைத் தீர்ப்புப் பெற்றிருந்தனர். அவர்களுள் 200 பேர் அளவில் பெருங்குற்றம் செய்தவர்கள். குறைந்தது 10 பேர் உயிர்க்கொலைக் குற்றவாளிகள். நூற்றுக்கு ஒருவர்தானே என்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்த வரியைப் படியுங்கள். பெருங்குற்றத் தீர்ப்புகளில் ஏறத்தாழ பாதியில் உரிமம் பறிக்கப்படவோ நிறுத்தி வைக்கப்படவோ இல்லை! கொலை செய்து தீர்ப்பும் பெற்றவரின் பெயர் உரிமப் பட்டியலில் அப்படியே இருந்தது. பறிப்பு விகிதத்தைக் குற்ற விகிதமாகக் காட்டுவோர் அந்தப் பாதியை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

புளோரிடாவின் நிலை இன்னும் வேடிக்கை. சன் சென்டினல் நாளேடு 2007 சனவரியில் வெளியிட்ட ஆய்வின்படி, பெருங்குற்ற வழக்கில் குற்றத்தை ஒப்பியோ எதிர்வாதம் செய்யாமலோ இருந்த 1,400க்கும் மேற்பட்டோர் சட்டத்தின் சந்து வழியே உரிமம் பெற்றிருந்தனர். பிடியாணை நிலுவையில் இருந்த 216 பேரும், குடும்ப வன்முறைத் தடையாணைக்கு உட்பட்ட 128 பேரும் பட்டியலில் இருந்தனர். இதற்கு அம்மாநிலம் செய்த பரிகாரம் என்ன தெரியுமா? அந்த ஆய்வு அச்சேறும் முன்னரே, 2006ஆம் ஆண்டிலேயே, உரிமதாரர் பெயர்களை மறைபொருளாக்கிச் சட்டம் இயற்றிவிட்டது. அடுத்த ஆண்டு டெக்சசும் அதே வழியில் சென்றது. இனி எந்த நாளேடும் வட கரோலினாவில் செய்ததை அங்கே செய்ய இயலாது. கதவைப் பூட்டிவிட்டு, உள்ளே ஒன்றும் நடக்கவில்லை பாருங்கள் என்கிறார்கள்.

2018இல் மற்றொன்றும் வெளிப்பட்டது. 2016 பிப்ரவரி முதல் ஓராண்டுக்கும் மேலாகப் புளோரிடா உரிமப் பிரிவு, நடுவண் அரசின் பின்னணிச் சோதனைத் தரவுத்தளத்தைப் பார்க்கவே இல்லை. பணியாளர் ஒருவரால் அந்தக் கணினி அமைப்புக்குள் நுழைய முடியவில்லை. சிக்கலைத் தீர்க்க யாரும் முயலவும் இல்லை. தவறு துறைக்குத் தெரியவந்த பின்னர் மீள்சோதனை செய்து 291 உரிமங்களைப் பறித்தனர். 23 ஆண்டுகளில் துப்பாக்கிக் குற்றத்துக்காகப் பறித்தவை 168. ஒரு கடவுச்சொல் குளறுபடியால் பறித்தவை 291. இந்த நிர்வாகத்தின் பதிவேட்டை நம்பித்தான் நாம் நன்னடத்தைச் சான்றிதழ் எழுத வேண்டுமாம்.

தொகுதி எண்ணைப் பார்த்தோம். பகுதி எண்ணும் கொஞ்சம் பெருத்ததுதான். 20 இலட்சம் என்பது 1987 முதல் வழங்கிய அனைத்தின் கூட்டு. அன்று நடப்பில் இருந்தவை அதில் பாதிக்கும் குறைவு. இதனால் விகிதம் பெரிதும் மாறிவிடாது என்பதால் இதனை வற்புறுத்த விரும்பவில்லை.

ஆனால் பறிப்புக் கணக்கில் ஒருபோதும் ஏறாத உயிர்கள் உள. மனைவியைச் சுட்டுத் தானும் சுட்டுக்கொண்டு மாண்டவன்மீது தீர்ப்பு வருவதில்லை. இறந்தவனிடம் பறிப்பதற்கு என்ன இருக்கிறது? 2012 பிப்ரவரி 26 அன்று புளோரிடாவின் சான்போர்டு நகரில் டிரேவான் மார்ட்டின் என்னும் 17 வயது மாணவன் சுட்டுக் கொல்லப்பட்டான். அவன் கையில் துப்பாக்கி இல்லை. சுட்ட சியார்ச் சிம்மர்மன் மறைத்து ஏந்தும் உரிமம் பெற்றவர். 2013 சூலையில் நடுவர் குழு அவரை விடுவித்தது. தீர்ப்பின் நியாயத்தை இங்கே ஆராயவில்லை. அந்த 168இல் இத்தகைய சாவுக்கு இடமே இல்லை என்பதை மட்டும் சுட்டுகிறேன்.

டெக்சசு எண்களை ஆராய்ந்து 2013இல் அமெரிக்கப் பொதுநல மருத்துவ ஆய்விதழ் ஒன்று வெளியிட்ட கட்டுரை இரு பக்கத்தாரும் படிக்க வேண்டியது. உரிமதாரர் குற்றத்தீர்ப்புப் பெறும் வாய்ப்பு மற்றவரைவிட மிகக் குறைவு என்றே அதுவும் சொல்கிறது. ஆயினும் தீர்ப்புப் பெற்றவர்களை மட்டும் ஒப்பிட்டால், உரிமதாரரின் குற்றங்களில் பாலியல் குற்றம், துப்பாக்கிக் குற்றம், உயிர் போன குற்றம் ஆகியவற்றின் பங்கு மற்றவரைவிட அதிகம். முதல் வாக்கியத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பரப்புகிறார்கள்.

அந்த முதல் வாக்கியத்திலும் வியப்பில்லை. 21 வயது நிரம்பியவர், கட்டணம் செலுத்தியவர், கைரேகை கொடுத்துப் பின்னணிச் சோதனையில் தேறியவர் என்று சலித்து எடுத்த கூட்டம் அது. தேர்ந்தெடுத்த மாணவரை முதல் வகுப்பில் அமர்த்திவிட்டு, அந்த வகுப்பின் நாற்காலிதான் அறிவைத் தந்தது என்று சொல்வார் உண்டா? குற்றம் குறைவாக இருப்பதற்குக் காரணம் சல்லடை. இடுப்பில் இருக்கும் துப்பாக்கி அன்று.

இப்போது இந்த வாதத்தின் உச்சக்கட்ட நகைச்சுவைக்கு வருகிறேன். உரிமதாரர் ஒழுக்கத்தைப் பாடிப் பாடியே அந்தச் சல்லடையைத் தூக்கி எறிந்துவிட்டார்கள்! உரிமமே இல்லாமல் மறைத்து ஏந்தலாம் என்று டெக்சசு 2021 செப்டம்பரிலும் புளோரிடா 2023 சூலையிலும் சட்டத்தை நடைமுறைப்படுத்தின. 2024க்குள் இத்தகைய மாநிலங்கள் 29 ஆகிவிட்டன. உரிமம் தேவையில்லாத இடத்தில் பறிப்பு விகிதம் என்று எதைக் காட்டுவார்கள்? சோதனையில் தேறியவரின் நற்சான்றைக் காட்டிச் சோதனையையே ஒழித்ததற்கு எந்த நாட்டு ஏரணம் இடம் தரும்?

இனி நம் தொழிலுக்கு வருவோம். யூட்டா மாநிலத்தில் உரிமம் உள்ள ஆசிரியர் பள்ளிக்குள்ளும் துப்பாக்கி ஏந்தலாம். 2014 செப்டம்பரில் அங்கே ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியையின் கைத்துப்பாக்கி ஆசிரியர் கழிவறையில் தவறுதலாக வெடித்தது. கழிவுப்பீங்கான் சிதறி அவர் காலில் காயம். வகுப்பு இன்னும் தொடங்கவில்லை, பிள்ளைகள் தப்பினர். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் விரும்பவில்லை. அவரும் நம்மைப் போல் பயிற்றுப் பணிக்கு வந்தவர். சுண்ணக்கட்டியும் சாவிக்கொத்தும் எங்கே வைத்தோம் என்று நாளுக்கு நான்கு முறை தேடும் நம் இனத்தவர்.

டென்னசி மாநிலத்தின் நாசுவில் நகரில் 2023 மார்ச்சு 27 அன்று ஒரு தொடக்கப்பள்ளியில் மூன்று குழந்தைகளும் மூன்று பெரியவர்களும் கொல்லப்பட்டனர். கடும் துப்பாக்கிக் கட்டுப்பாடு வேண்டுமென்று பெற்றோர் பலர் சட்டமன்றத்தில் மன்றாடினர். 2024 ஏப்ரலில் அவர்களுக்குக் கிடைத்தது, உரிமமும் 40 மணி நேரப் பயிற்சியும் பெற்ற பள்ளி ஊழியர் துப்பாக்கியை மறைத்து ஏந்தலாம் என்னும் சட்டம். யார் ஏந்துகிறார் என்பது பள்ளித் தலைவருக்கும் மாவட்டக் கல்வித் தலைவருக்கும் காவல்துறைக்கும் தெரியும். தம் பிள்ளையின் வகுப்பாசிரியரிடம் துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்கும் தாய்க்கு அந்தச் சட்டத்தின்படி விடை கிடையாது.