'ரெஸ்ட் எடுங்க டாக்டர்'னு சொன்னா போதுமா?

நைட் டியூட்டி. மணி இரண்டரை. மூச்சுத்திணறலோடு ஒரு பாட்டியைக் கூட்டிட்டு வர்றாங்க. என்ன சிகிச்சை தரணும்னு உங்களுக்குத் தெரியும். ஆனா, ஐ.சி.யூ-வில் பெட் இல்லை. நீங்க இருப்பது கடலூரோ, சிதம்பரமோ... 'ஜிப்மருக்குக் கூட்டிட்டுப் போங்க'னு எழுதிக் கொடுக்குறீங்க. ஆம்புலன்ஸ் கிளம்பிடும். பாட்டியின் முகம் மட்டும் உங்ககூடவே வீட்டுக்கு வரும்.

செய்ய வேண்டியது தெரிந்தும் செய்ய முடியாமல் போகிற இந்த வலிக்கு 'மாரல் டிஸ்ட்ரெஸ்' என்று 1984-லேயே பெயர் வைத்துவிட்டார் ஆண்ட்ரூ ஜேம்டன், நர்ஸ்களைப் பற்றி எழுதும்போது. (நாம இன்னும் இதை ஸ்ட்ரெஸ் கணக்கிலேயே எழுதிட்டிருக்கோம்.) வேலைச் சோர்வு தூங்கினா ஓரளவு தீரும். இது தூங்கவே விடாது.

சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி ஞாபகம் இருக்கா? 2013-லேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அரசுக் கட்டுப்பாட்டுக்கு வந்துவிட்டது. ஆனாலும் எம்.பி.பி.எஸ் கட்டணம் ஆண்டுக்கு 5.44 லட்சம். மற்ற அரசுக் கல்லூரிகளில் 13,610 ரூபாய்! 2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். கொரோனா காலம் அது. கல்லூரியை மூடி, விடுதியைக் காலி செய்யச் சொல்லியும் எழுந்திருக்கவில்லை. 50 நாள்களைத் தாண்டிய பிறகு, 2021 தொடக்கத்தில் கல்லூரி சுகாதாரத்துறைக்கு மாறியது, கட்டணமும் குறைந்தது.

ஜெயிச்சாச்சு, சரி. ஆனா போராடுகிற எந்த டாக்டரையும் ஒரு கேள்வி குத்தும். நான் வெளியே உட்கார்ந்தா உள்ளே நோயாளியை யார் பார்ப்பாங்க? உட்காரலைன்னா எதுவுமே மாறாதே? ரெண்டு பக்கமும் குற்ற உணர்ச்சிதான். இதுக்கு யோகா கிளாஸ் மட்டும் மருந்தாகும்னு எனக்குத் தோணலை.

தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-ல் வெளியிட்ட அறிக்கையில், முதுநிலை மாணவர்களில் சுமார் 31 சதவிகிதம் பேர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கோ நண்பருக்கோ அப்படி இருந்தா, 14416-க்குக் கூப்பிடுங்க. டெலி மானஸ், 24 மணி நேரமும் இலவசம்.

இன்னொரு கணக்கு. ரெசிடென்ட் டாக்டர்களுக்கு வாரம் 48 மணி நேர வேலை என்று மத்திய அரசு 1992-லேயே வகுத்தது. 2024-ல் அதே பணிக்குழு கேட்டது, 74-ஐத் தாண்ட வேண்டாம் என்று. உங்க டாக்டர் ஃப்ரெண்டுகிட்ட இந்த வாரம் எத்தனைனு கேட்டுப் பாருங்க.