இயக்க விதிகளின் தமிழ்: நிலைமம், நிறை, எதிர்வினை

முன்னுரை

ஐசக் நியூட்டன் 1687இல் இலத்தீனில் வெளியிட்ட ‘பிரின்சிப்பியா’ இயக்கத்தின் மூன்று விதிகளை வகுத்துரைத்தது. தமிழ்வழியில் பயிலும் மாணவர் இவற்றைப் பள்ளிப் பருவத்திலேயே மனப்பாடம் செய்துவிடுகின்றனர். தொடர்கள் நினைவில் நிற்கின்றன. பொருளோ பலருக்கு நழுவிவிடுகிறது. கணக்கறிவின் குறையை மட்டும் இதற்குக் காரணமாகக் காட்டுதல் பொருந்தாது. விதிகளில் இடம்பெறும் சொற்கள் அறிவியலுக்குள் வருவதற்கு முன்பே தமிழில் நெடுங்காலம் வழங்கியவை. அப்பழம்பொருள் புதுப்பொருளின் மீது நிழலிடுகிறது. கலைச்சொல் பற்றிய உரையாடல் பெரும்பாலும் அது தனித்தமிழா, கடன்சொல்லா என்னும் வினாவோடு நின்றுவிடுகிறது. விதியின் தொடருக்குள் அமர்ந்து அச்சொல் என்ன பொருள் தருகிறது என்பதே முதலில் எழ வேண்டிய வினா.

நிலைமம்

முதல் விதியின் கருவாகிய பண்பு தமிழ்நாட்டில் ‘நிலைமம்’ எனவும் இலங்கையில் ‘சடத்துவம்’ எனவும் வழங்குகிறது. சடம் என்பது உயிரின்மையை முன்னிறுத்தும். நிலைமத்தின் அடியாகிய ‘நில்’ நிற்றலையே முதலில் நினைவூட்டும். இயங்கும் பொருள் தானாகவே ஓய்வை நாடும் என்று கருதும் மாணவரின் பிழையெண்ணத்திற்கு இவ்விரு சொற்களும் துணைபோகக்கூடும். உருட்டிவிட்ட பந்து நின்றுவிடுவதை அவர் நாள்தோறும் காண்கிறார். அதனை நிறுத்திய உராய்வு விசையைக் காண்பதில்லை.

இவ்விடர் தமிழுக்கு மட்டும் உரியதன்று. இப்பண்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும் செயலின்மை, சோம்பல் என்னும் பொருளுடையதே. அதனை இயற்பியலுக்குள் கொணர்ந்த கெப்ளர், பருப்பொருள் ஓய்வை நாடும் இயல்பைச் சுட்டவே கையாண்டார். சொல்லை ஏற்றுக்கொண்ட நியூட்டன் பொருளை மாற்றினார். சீரான நேர்கோட்டு இயக்கத்தையும் ஓய்வுக்கு நிகரான ஒரு நிலையாகக் கொண்டார். தமிழில் ‘நிலை’ நிற்றலோடு தன்மையையும் குறிக்கும். ‘இயக்க நிலை’ என முரணின்றிச் சொல்ல முடிவது இதனால்தான். எனவே நிலைமம் பொருத்தமான சொல்லே. நிற்றலிலிருந்து தன்மைக்குச் செல்லும் இப்பொருள் நகர்வைப் பாடநூல் ஓரிரு தொடர்களில் விளக்கிவிட்டால் போதும்.

நிறையும் எடையும்

இரண்டாம் விதியில் சிக்கல் வேறு வகையினது. விசையானது நிறை, முடுக்கம் ஆகியவற்றின் பெருக்கற்பலன் என்பது தமிழ்நாட்டு வழக்கு. இலங்கையில் இதுவே திணிவு, ஆர்முடுகல் ஆகியவற்றின் பெருக்கம். அங்கு ‘நிறை’ என்பது பொருளின் மீதான புவியீர்ப்பு விசையை, அதாவது தமிழ்நாட்டார் ‘எடை’ என்பதைக் குறிக்கிறது. தமிழ்நாட்டு வழக்கின்படி 10 கிலோகிராம் நிறையுள்ள பொருளின் எடை புவியில் ஏறத்தாழ 98 நியூட்டன். நிலவில் ஏறத்தாழ 16 நியூட்டன். ஆகவே ‘நிலவுக்குச் சென்றாலும் நிறை மாறாது’ என்னும் தொடர் தமிழ்நாட்டுத் தேர்வில் சரியான விடை. இலங்கைத் தேர்வில் பிழையான விடை.

இரு வழக்குகளுக்கும் தக்க சான்று உண்டு. எடை என்பது எடுத்தலின் அடியாகப் பிறந்தது. தூக்கும் கை உணர்வது விசையையே. நிறைகோலின் இரு தட்டுகளும் ஒரே ஈர்ப்பில் நிற்பதால் அக்கோல் ஒப்பிடுவது பருப்பொருளின் அளவை. நிலவிலும் அது அதே விடையைத் தரும். தமிழ்நாட்டுத் தெரிவுக்கு இது வலிமையான சான்று. மறுபுறம், பருப்பொருளின் அளவை அடர்த்தி, கனஅளவு ஆகியவற்றைக் கொண்டே நியூட்டன் தம் நூலின் முதல் வரையறையில் விளக்கினார். செறிவை உணர்த்தும் ‘திணிவு’ அவ்வரையறைக்கு அணுக்கமானது. இவற்றுள் ஒன்றை வீழ்த்தி மற்றொன்றை நிறுவ முனைவது வீண். ஆனால் இரு நாட்டு நூல்களையும் ஒருங்கே படிக்கும் மாணவருக்கு எச்சரிக்கைக் குறிப்புக்கூட இல்லாதிருப்பது பெருங்குறை.

எதிர்வினை

மூன்றாம் விதியை ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என வழங்குவதே பரவலான மரபு. இம்மூன்றனுள் மாற்றியே தீர வேண்டியது இதுதான். தமிழில் வினை என்பது இலக்கணத்தில் வினைமுதலை வேண்டுவது; சமய மரபில் பிற்காலத்தே பயனாகத் திரும்பிச் செய்தவனையே சேர்வது. சிலப்பதிகாரம் முதலாக இலக்கியம் பயின்ற மனத்தில் வினை இவ்வாறே பதிந்துள்ளது. விதி சொல்வதோ இதற்கு மாறானது. இரு விசைகளும் ஒரே கணத்தில் தோன்றுகின்றன, முன்பின் இல்லை. அவை வெவ்வேறு பொருள்களின் மீது செயற்படுகின்றன. செய்தது எது, செயப்பட்டது எது என்னும் வேறுபாடும் அங்கில்லை. மாம்பழத்தைப் புவி ஈர்க்கும் அதே அளவு விசையால் மாம்பழமும் புவியை ஈர்க்கிறது.

மேசைமேல் உள்ள நூலின் எடையையும் மேசை அதனை மேல்நோக்கித் தாங்கும் விசையையும் மூன்றாம் விதியின் இணையாகக் கொள்வது மாணவரிடம் அடிக்கடி காணப்படும் பிழை. அவ்விரண்டும் நூல் என்னும் ஒரே பொருளின் மீது செயற்படுவன, ஆதலால் இணையாகா. எடையின் மெய்யான இணை, நூல் புவியை ஈர்க்கும் விசையே. ‘எதிர்’ என்னும் சொல் மட்டும் மனத்தில் நிற்பதாலேயே இக்குழப்பம் வலுப்பெறுகிறது.

‘விசை – எதிர்விசை’, ‘தாக்கம் – மறுதாக்கம்’ என்பன வினையின் சுமையைக் குறைக்கின்றன. எனினும் ஒன்றை முதலாகவும் மற்றொன்றை அதன் மறுமொழியாகவும் காட்டும் இயல்பு அவற்றிலும் எஞ்சுகிறது. இங்குத் தீர்வு சொல்லில் இல்லை, தொடரமைப்பில் உள்ளது. ‘இரு பொருள்கள் ஒன்றன்மீது ஒன்று செலுத்தும் விசைகள் அளவில் சமம், திசையில் எதிர்’ என்று எழுதினால் இரு பொருள்களும் எழுவாயில் ஒருங்கே நிற்கும். ‘ஒன்றன்மீது ஒன்று’ என்னும் தமிழ்த் தொடரே முன்பின் வேறுபாட்டை நீக்கிவிடும்.

முடிவுரை

மேற்கண்ட மூன்று இடர்களும் மூன்று வகையின. நிலைமத்திற்கு விளக்கமும், நிறைக்கு இருநாட்டு ஒப்பீட்டுக் குறிப்பும், எதிர்வினைக்குப் புதிய தொடரும் தேவை. சொற்பட்டியலால் மட்டும் இவற்றுள் எதுவும் தீராது. சொல்லின் வரலாறும் தொடரின் இலக்கணமும் அறிந்தோர் இயற்பியலாரோடு அமர்ந்து பாடநூல் தொடர்களை ஆராய்தல் வேண்டும். தமிழ்த்துறைகள் இதனைத் தம் ஆய்வுக்களமாக ஏற்காதவரை, தமிழில் படித்ததால் விளங்கவில்லை என்னும் பழி மொழியின் மீதே விழும்.