முதல் வாய்க் கஞ்சிக்கு முன்னால்: மருத்துவமனைப் பேச்சு-மொழிச் சிகிச்சையாளர்களின் கோரிக்கைச் சாசனம்

மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், அரசு, தனியார் மருத்துவமனை நிர்வாகங்களுக்கும், எங்களிடம் வருகிற குடும்பங்களுக்கும்:

தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் பேச்சு-மொழிச் சிகிச்சையாளர்களாக வேலை பார்க்கும் நாங்கள், அக்டோபர் 29 உலகப் பக்கவாத நாளை ஒட்டி இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம். வார்டில் எங்களை 'ஸ்பீச் டீச்சர்' என்று கூப்பிடுகிறார்கள். பிரியமாகக் கூப்பிடுகிற பெயர்தான், அதில் எங்களுக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு தப்புக் கணக்கு இருக்கிறது. உயிரைக் காப்பது மருத்துவம், பேச வைப்பது அதன்பிறகு ஆற அமரச் செய்துகொள்ளும் பாடம் என்கிற கணக்கு. கீழே உள்ள கோரிக்கைகள் எல்லாமே அந்தக் கணக்கைத் திருத்தச் சொல்பவை.

பேசுகிற வாயும் விழுங்குகிற வாயும் ஒன்றே. குரல் எழுப்பும் அதே குரல்நாண்கள்தான் ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் மூச்சுக்குழாயின் வாசலை அடைக்கின்றன. பக்கவாதத்தில் நாக்கு குழறியவருக்கு அந்த வாசலும் சரியாக மூடாமல் போகலாம். எங்களில் ஒருவர் கண்ணெதிரே நடந்ததைச் சொல்கிறோம். அறுபது தாண்டிய ஒரு விவசாயி, பக்கவாதம் வந்து ஐந்தாம் நாள். எங்களுக்கு வந்த சீட்டில் 'பேச்சுப் பயிற்சிக்கு' என்று மட்டும் எழுதியிருந்தது. போனபோது, பாதி சாய்ந்து படுத்திருந்த அப்பாவுக்கு மகள் டம்ளரில் டீ புகட்டிக்கொண்டிருந்தாள். "நல்லாத்தான் குடிக்கிறாரு டீச்சர், ஒரு இருமல்கூட இல்ல" என்றாள். அவரை 'ஆ' என்று சொல்லச் சொன்னோம். குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் குமிழியிட்டது. தொண்டையில் உணர்ச்சி மரத்துப்போனால் டீ நுரையீரலுக்குள் இறங்கினாலும் புரையேறாது, இருமலும் வராது. வெளியே ஒன்றுமே தெரியாது. அவருக்கு முந்தின இரவே காய்ச்சல் தொடங்கியிருந்தது. அடுத்த இரண்டு வாரம் அவர் போராடியது பக்கவாதத்தோடு அல்ல, நிமோனியாவோடு.

அந்த மகள் மேல் குற்றமில்லை. ஐந்து நாளும் அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை: பக்கவாதம், தலைக்காயம், கழுத்து அல்லது வாய்ப்புற்று அறுவை, நீண்ட நாள் வென்டிலேட்டர், இவற்றில் எதுவானாலும் விழுங்கும் திறனைச் சோதிக்காமல் வாய்வழியாக ஒரு சொட்டுத் தண்ணீரோ ஒரு மாத்திரையோ தரக்கூடாது என்பது எழுத்துபூர்வமான வார்டு விதியாக வேண்டும். பிரிட்டனின் பக்கவாத வழிகாட்டு நெறிகள், நோயாளி வந்து 4 மணி நேரத்துக்குள் இந்தச் சோதனையை முடிக்கச் சொல்கின்றன. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நோயாளி விழித்திருக்கிறாரா, நிமிர்ந்து உட்கார முடிகிறதா, ஒரு தேக்கரண்டித் தண்ணீருக்குப் பிறகு இருமுகிறாரா, குரல் ஈரமாகிறதா என்று பார்க்கத் தெரிந்த ஒரு ஸ்டாஃப் நர்ஸ் இரவுப் பணியில் இருந்தால் போதும். அவர்களுக்கு நாங்கள் பயிற்சி தருகிறோம். சந்தேகம் எழுந்தால் 24 மணி நேரத்துக்குள் எங்களைக் கூப்பிட வேண்டும். இருமலே இல்லாமல் உள்ளே இறங்குவதைக் கண்டுபிடிக்க, மூக்கு வழியே மெல்லிய கேமராக் குழாயை விட்டுப் பார்க்க வேண்டும், அல்லது பேரியம் கலந்த உணவை விழுங்கச் சொல்லி எக்ஸ்-ரேயில் ஓடும் படமாகப் பார்க்க வேண்டும். அந்த எக்ஸ்-ரே இயந்திரம் பெரிய மருத்துவமனைகளில் ஏற்கெனவே இருக்கிறது. வாரத்தில் ஒரு அரைநாள் எங்களுக்கு ஒதுக்கச் சொல்கிறோம்.

இரண்டாவது, சமையலறை. நோயாளிக்கு ரசம் சாதத்தை விடப் பத்தியமான உணவு கிடையாது என்று நாம் எல்லோரும் நம்பி வளர்ந்தவர்கள். விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு அதுதான் மிகவும் ஆபத்தான உணவுகளில் ஒன்று. பருக்கையை நாக்கு இன்னும் திரட்டிக்கொண்டிருக்கும்போதே ரசம் முந்திக்கொண்டு தொண்டைக்குள் ஓடிவிடும். உணவின் கெட்டித்தன்மையை 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாகப் பிரிக்கும் இட்சி என்ற சர்வதேச அளவுமுறை இருக்கிறது. அதில் திரவத்தைச் சோதிக்க ஒரு 10 மில்லி சிரிஞ்சு போதும். கஞ்சியை நிரப்பி, நுனியிலிருந்து விரலை எடுத்து, 10 விநாடி ஓடவிட்டு, மீதியைப் பார்க்க வேண்டும். 4 முதல் 8 மில்லி வரை நின்றால் அது இரண்டாம் நிலை. கொஞ்சமாவது ஓடி, 8 மில்லிக்கு மேல் நின்றால் மூன்றாம் நிலை. காலை ஏழு மணிக்கு வார்டுக்கு வரும் கஞ்சியும் ஒன்பதரைக்கு ஆறிப்போன அதே கஞ்சியும் வேறு வேறு நிலையில் நிற்பதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். சமையலறையில் ஒரு மிக்ஸி, ஒரு வடிகட்டி, சிரிஞ்சு, சுவரில் ஒட்டிய தமிழ் அட்டவணை, எங்கள் சொல்லைக் கேட்கும் ஒரு டயட்டீஷியன். இவ்வளவுதான் வேண்டும். பருக்கையே இல்லாத பருப்புச் சாதக் கூழ், கெட்டி ராகிக் கூழ், மசித்த வாழைப்பழம் என்று நம் ஊர்ச் சாப்பாட்டிலேயே எல்லா நிலைகளும் கிடைக்கின்றன. கெட்டியாக்கும் டப்பா மாவை வாங்கச் சொல்லி ஏழைக் குடும்பங்களை மருந்துக்கடைக்கு அனுப்ப வேண்டியதில்லை.

மூன்றாவது, எங்களை எண்ணுகிற முறை. ஓபி பதிவேட்டில் ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்த்தோம் என்பது மட்டும்தான் கணக்கு. பக்கவாதத்துக்குப் பின் சொல் இழந்த ஒரு பெண்மணியை நினைத்துப் பாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்துவரை தடையில்லாமல் எண்ணுவார். ஞாயிறு, திங்கள் என்று கிழமைகளை ஒப்பிப்பார். எதிரே நிற்கும் மகளின் பெயர் மட்டும் வாய்க்கு வராது. முதல் எழுத்தை நாங்கள் உதட்டில் காட்டி, அவர் அதைப் பிடித்து, தவறி, மறுபடியும் பிடித்து, ஒரு வழியாகப் பெயர் வெளியே வரும்போது முக்கால் மணி நேரம் போயிருக்கும். பதிவேட்டில் அது 'ஒன்று'. அதே முக்கால் மணியில் பத்துப் பேருக்குச் சீட்டு எழுதியிருந்தால் அது 'பத்து'. ஒருவருக்குக் குறைந்தது 30 நிமிடம் என்று ஒதுக்கி, அந்த நேரத்தையே வேலை அளவாகக் கொள்ளுங்கள். கதவு மூடும் ஓர் அறையும் கொடுங்கள். ஜெனரேட்டருக்குப் பக்கத்திலோ, தாழ்வாரத்தில் ஸ்கிரீன் போட்டோ குரலைச் சோதிக்க முடியாது. பத்துப் பேர் வேடிக்கை பார்க்க, இழந்த பேச்சைத் தேடித் தடுமாற யாருக்கும் மனம் வராது.

பணியிடங்கள் பற்றிச் சுற்றி வளைக்காமல் சொல்கிறோம். நான்காண்டுப் பட்டப்படிப்பு முடித்து, இந்திய மறுவாழ்வுக் குழுவில் பதிவு செய்து வருகிறவர்களை மாதத் தொகுப்பூதியத்தில், ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பித்து வைத்திருப்பதை நிறுத்துங்கள். ஒவ்வொரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் குறைந்தது நான்கு நிரந்தர இடங்களும், மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இரண்டும் வேண்டும். அவர்களில் ஒருவராவது தீவிர சிகிச்சைப் பிரிவிலும் நரம்பியல் வார்டிலும் மட்டும் வேலை பார்க்க வேண்டும்.

ஐ.சி.யு.வை ஏன் சொல்கிறோம் என்றால், கழுத்தில் டிரக்கியோஸ்டமிக் குழாய் போட்டவர் முழு நினைவோடு, குரலில்லாமல் கிடக்கிறார். மூச்சு, குரல்நாணை எட்டாமல் கழுத்து வழியாகவே போய்விடுகிறது. வலிக்கிறதா, தாகமா, பயமா என்று சொல்ல அவருக்கு வழியில்லை. மருத்துவர் குழு ஒத்துக்கொண்டால், குழாயின் பலூனிலிருந்து காற்றை இறக்கி, குழாயின் வாயில் ஓர் ஒருவழி வால்வைப் பொருத்தினால் பலருக்கு அந்த இடத்திலேயே குரல் திரும்பிவிடும். இதற்கான புகழ்பெற்ற வால்வு ஒன்றைக் கண்டுபிடித்தவர் மருத்துவர் அல்லர். தசைச்சிதைவு நோயால் வென்டிலேட்டரில் இருந்த அமெரிக்க இளைஞர் டேவிட் மியூர், தான் பேசுவதற்காக உருவாக்கியது அது. நோயாளி ஒருவர் தாமே யோசித்துக் கண்டது இது. அதை ஐ.சி.யு. சாமான்கள் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறோம். வால்வு போட முடியாதவருக்குப் படமும் எழுத்தும் உள்ள ஒரு தமிழ் அட்டை எல்லாப் படுக்கையிலும் தொங்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு லேமினேஷன் காசு.

அடுத்தது தமிழ். உலகெங்கும் பயன்படும் பாஸ்டன் பெயர் சொல்லும் சோதனையில் 60 படங்கள். அவற்றில் இக்ளூ இருக்கிறது, பீவர் இருக்கிறது, பிரெட்ஸல் இருக்கிறது. மன்னார்குடிப் பக்கம் நாற்று நட்ட ஒருவர் அவற்றின் பெயரைச் சொல்லவில்லை என்றால் பழுது அவர் மூளையில் இல்லை. மொழிபெயர்த்துக்கொண்டாலும் தீராது. 'வந்துகொண்டிருக்கிறான்' என்று அட்டையில் அச்சிட்டுக் கொடுத்தால், ஆயுளெல்லாம் 'வந்துக்கிட்டிருக்கான்' என்றே பேசியவர் திணறுகிறார். தமிழில் வினையின் கடைசித் துணுக்குதான் யார் செய்தார் என்பதைச் சொல்கிறது. அந்தத் துணுக்கு உதிர்ந்துபோவதை அளக்க ஆங்கிலச் சோதனை உதவாது. மதுரையில் வீட்டில் சௌராஷ்டிரமும் கடையில் தமிழும் பேசுகிறவருக்கு எந்த மொழி முதலில் திரும்புகிறது என்று பார்க்கவும் எங்கள் கையில் முறையான கருவி வேண்டும். பேச்சுத் தமிழில், வட்டார வழக்குகளையும் கணக்கில் கொண்டு, பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தரப்படுத்தப்பட்ட சோதனைகளை உருவாக்க அரசு நிதி ஒதுக்க வேண்டும். மருத்துவப் பல்கலைக்கழகமும் மொழியியல் துறைகளும் ஒன்றாக உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது. பல ஆண்டுகள் ஆகும் என்று தெரிந்தேதான் கேட்கிறோம்.

காப்பீடு அறுவையோடு நின்றுவிடக்கூடாது. காது கேளாத குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்துகிறோம். நாடே பாராட்டத்தக்க காரியம். ஆனால் கருவி கொடுப்பது ஒலியை. அந்த ஒலியிலிருந்து 'அம்மா'வைப் பிரித்தெடுக்கக் குழந்தை கற்க வேண்டும், அதற்குப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். இடையில் ஒயர் அறுந்தாலோ பேட்டரி செத்தாலோ அந்த வீடு மறுபடியும் நிசப்தத்துக்குப் போய்விடுகிறது. பழுதுபார்ப்பும் பயிற்சியும் குழந்தை பள்ளிப் படிப்பில் நிலைபெறும்வரை திட்டத்தின் செலவாக இருக்க வேண்டும். புற்றுநோய்க்காகக் குரல்வளை எடுக்கப்பட்டவருக்குப் பொருத்தும் குரல் வால்வும் அப்படியே. சில மாதங்களில் அது கசியத் தொடங்கும், குடிக்கிற தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கும், மாற்றியே ஆக வேண்டும். முதல் வால்வுக்கு மட்டும் பணம் கொடுத்து அடுத்ததற்குக் கைவிட்டால் கொடுத்த குரலைத் திரும்பப் பிடுங்கியதாகவே ஆகும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அவற்றில் பேச்சு-மொழிக் குறைபாடும் ஒன்று. குரல்வளை நீக்கத்தையும் அஃபேசியா என்னும் சொல்லிழப்பையும் சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அப்படியிருந்தும் கைகால் நன்றாக இருக்கிறதே என்று முகாமில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எங்களிடம் வந்து அழுதிருக்கிறார்கள். சான்றிதழ் வழங்கும் குழுவில் எங்களில் ஒருவர் உட்கார வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இயன்முறைச் சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனது. கைகால் பயிற்சி தேடி வருகிற அதே திண்ணைக்குப் பேச்சும் விழுங்கலும் தேடி வரட்டும். மூக்குக் குழாயோடு வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒருவரை, அந்தக் குழாயை எடுக்கலாமா என்று பார்க்கவே எழுபது கிலோமீட்டர் வாடகைக் காரில் வரச் சொல்வது நியாயமில்லை.

பதிவு இல்லாமல், சில வாரப் பயிற்சிச் சான்றிதழைச் சுவரில் மாட்டிக்கொண்டு, மூன்றே மாதத்தில் பேச வைக்கிறோம் என்று பலகை வைத்திருக்கும் மையங்கள் மேல் நடவடிக்கை வேண்டும். 1992ஆம் ஆண்டின் மறுவாழ்வுக் குழுச் சட்டம் அதற்குப் போதுமானது. அமல்படுத்த ஆள் வேண்டும், அவ்வளவே.

எங்கள் பங்குக்கு நாங்கள் ஒப்புக்கொள்வது: டிஸ்சார்ஜ் ஆகும் எவரையும் எந்த உணவு, எந்த அளவு, எப்படி உட்கார்ந்து, எதைப் பார்த்தால் ஓடிவர வேண்டும் என்று தமிழில் எழுதிய தாள் இல்லாமல் அனுப்ப மாட்டோம். உடனிருந்து பார்த்துக்கொள்கிறவரின் கையில் கரண்டியைக் கொடுத்து, எங்கள் முன்னால் மூன்று வேளை ஊட்டச் சொல்லிக் கற்றுத் தருவோம். பேச்சு முழுதாகத் திரும்பாது என்று தெரிந்தால் அதை மறைக்க மாட்டோம், வேறு வழியில் தன் எண்ணத்தைச் சொல்லக் கற்றுக்கொடுப்போம்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ஒருவருக்கு வாய் கோணினால், பேச்சு குழறினால், தாமதிக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். கூப்பிட்டபின் பதற்றத்தில் அவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வார்டில் சேர்த்ததும், "இவரால் விழுங்க முடியுமா என்று சோதித்துவிட்டீர்களா?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை டீ டம்ளரைக் கீழே வையுங்கள்.