உப்பளமும் பொழுதுப் பதிவும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் எனத் தொல்காப்பியர் வகுத்த நெறியைத் தமிழ் பயில்வார் யாவரும் அறிவர். நெய்தல் என்றவுடன் கடலும் கழியும் நினைவிற்கு வருதல் போலவே, எற்பாடு என்னும் சிறுபொழுதும் உடன் வருகின்றது. இடமும் காலமும் சுட்டப்படாத நிகழ்ச்சி விளக்கம் பெறாது என்பதே இவ்வகுப்பின் கருத்தெனலாம். கணிப்பொறி வல்லார் இந்நாளில் ‘டைம் சீரீஸ் டேட்டாபேஸ்’ என வழங்கும் காலத்தொடர்த் தரவுத்தளமும் இவ்வுண்மையின்மேலேயே நிற்கின்றது. அது பெருநகரத்துத் தொழிற்சாலைகளுக்கும் வாணிக நிறுவனங்களுக்குமே உரிய கருவியென நம்மிற் பலர் எண்ணுகின்றனர். வானூர், மரக்காணம் பகுதிகளின் உப்பளத்தார்க்கும் மீனவர்க்கும் உழவர்க்கும் அஃது அவற்றினும் மிக வேண்டப்படுவதென்பதே எமது கருத்து.

முதற்கண் அதன் இயல்பினைச் சிறிது விளக்குவாம். கடையிலுள்ள இருப்புப் பலகையில் சரக்குக் குறையுந்தோறும் பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணை எழுதுவர். காலத்தொடர்ப் பதிவிலோ முன்னெழுதிய எண் அழிக்கப்படுவதில்லை. புதியது அதன்பின் சேர்க்கப்படும். ஒவ்வோரெண்ணும் தான் அளக்கப்பட்ட இடத்தையும் நொடியையும் உடன்கொண்டு நிற்கும். இங்ஙனம் இரவும் பகலும் எழுதினால் எண்கள் மலைபோற் குவியாவோ எனின், குவியும். ஆயினும் அடுத்தடுத்த அளவுகள் பெரிதும் வேறுபடாமையின், வேறுபாட்டை மட்டும் எழுதி இடத்தைச் சுருக்குவர். பேஸ்புக் நிறுவனத்தார் 2015-ஆம் ஆண்டில் விளக்கி வெளியிட்ட ‘கொரில்லா’ என்னும் அமைப்பு, 16 பைட்டு இடம் வேண்டிய ஒரு பதிவைச் சராசரியாக 1.37 பைட்டில் அடக்கிற்று. நாட்பட்ட பதிவுகளை மணிக்கொரு சராசரியாகத் தொகுத்து வைத்தலும் உண்டு. இன்ஃப்ளக்ஸ்டிபி, டைம்ஸ்கேல்டிபி, புரோமீத்தியஸ் முதலியன இவ்வகையின. இவை விலையின்றிப் பெறத்தக்க வடிவிலும் கிடைக்கின்றன.

இனி உப்பளத்தை நோக்குவாம். கடல்நீரின் செறிவு போமே அளவில் ஏறத்தாழ 3 டிகிரியாகும். அந்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலிற் காயவிட்டு, 25 டிகிரி அளவிற்குக் கொணர்ந்த பின்னரே உப்புப் பூக்கும். இதற்குப் பல நாள் வெயிலும் காற்றும் உழைப்பும் வேண்டும். கோடையில் எதிர்பாராது பெருமழை பெய்யுமாயின், செறிந்த நீர் மீண்டும் நீர்த்துப்போம்; பாத்தியிற் படிந்த உப்பும் கரையும். மழை வருவதை ஒரு மணி நேரம் முன்னரே அறிவாராயின், படிந்ததை வாரிக் கரையேற்றலாம். அம்பாரத்தைக் கீற்றும் தார்ப்பாயும் கொண்டு மூடலாம். அன்றாடங் கூலி பெறும் அளத்தொழிலாளர்க்கு அவ்வொரு மணி நேரம் பல நாளைச் சோறு ஆகும்.

நம் நாட்டில் மழைமானியை நாடோறும் காலை 8.30 மணிக்குப் பார்த்து, அதற்கு முந்திய 24 மணி நேர மழையைக் குறித்தல் நெடுநாள் வழக்கம். இவ்வழக்கத்தை யாம் இகழ்வோமல்லோம். சென்னை வானாய்வு நிலையத்தார் 1796 முதலே வானிலைக் குறிப்புகளை எழுதிவந்தனர். 1904-இல் இந்திய வானிலைத் துறையின் தலைமை ஏற்ற கில்பர்ட் வாக்கர், பல நாடுகளின் நெடுநாட் பதிவுகளை ஒப்புநோக்கியே, பசிபிக் கடற்பரப்பின் காற்றழுத்தமும் இந்தியக் கடற்பரப்பின் காற்றழுத்தமும் ஊசல்போல் மாறிமாறி ஏறி இறங்குதலைக் கண்டு உலகிற்கு உணர்த்தினார். பொறுமையோடு எழுதிய ஏடுகளின் பயன் அத்தகையது. எனினும், காலை 8.30 மணிக்கு எழுதப்படும் எண், முந்திய இரவு கரைந்த உப்பை மீட்டுத்தர வல்லதன்று. பதிவு செய்தல் வேறு. பொழுதறிந்து உரைத்தல் வேறு. இரண்டும் ஒருங்கே வேண்டும்.

இவ்வேறுபாட்டை நம் கடற்கரை 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் பெருந்துயரோடு கற்றது. சுமத்திராவிற்கு அணித்தாக நிலம் அதிர்ந்தபோது இங்கே காலை 6.29 மணி. ஆழிப்பேரலை சென்னையை அடைய இரண்டரை மணி நேரம் ஆயிற்று. சென்னைத் துறைமுகத்துக் கடல்மட்டமானி அவ்வலையின் ஏற்ற இறக்கத்தைப் பிழையின்றிப் பதிவு செய்தது. ஆயினும் அத்தகைய பதிவுகளை உடனுக்குடன் படித்துக் கரைவாழ் மக்களை எச்சரிக்கும் அமைப்பு அந்நாளில் இந்தியப் பெருங்கடற் பகுதிக்கு இல்லை. 2007-ஆம் ஆண்டு அக்டோபரில் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் தொடங்கப்பெற்றது. நில அதிர்வுக் கருவிகளும், கடலடி அழுத்தமானிகளும், துறைமுகக் கடல்மட்டமானிகளும் இடைவிடாது அனுப்பும் அளவுகள் அங்கே பொழுதுவாரியாகத் திரண்டு, வந்த அளவிலேயே ஆராயப்படுகின்றன. ஒரு நாட்டிற்கு இயன்ற இது ஒரு வட்டத்திற்கு இயலாதோ?

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. மறுநாட் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 செண்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. புதுச்சேரியை அடுத்த வானூர் வட்டத்தின் நீர்நிலைகள் பலவற்றின் மிகைநீர் கழுவெளி ஏரியை அடைகின்றது. கழுவெளி நீர் மரக்காணத்துக் கழி வழியே கடல் சேர்கின்றது. ஆகலின் மேட்டில் பெய்த மழையை அளந்தறிவார், தாழ்நிலத்தில் நீர் ஏறுவதை முன்னரே கூற இயலும். ஏரிக்கரைகளில் தானே அளக்கும் மழைமானிகளும், கழுவெளியிலும் கழிமுகத்திலும் நீர்மட்டமானிகளும், அளங்களில் காற்றும் ஈரமும் காட்டும் கருவிகளும் வைத்து, அவற்றின் அளவுகளை ஒரே காலத்தொடர்ப் பதிவில் சேர்த்தல் வேண்டும். கடந்த அரை மணி நேரத்து மழை இவ்வளவைக் கடப்பின் இன்னாரை அழைக்க என்று அதற்குக் கட்டளையிடலாம். அவ்வழைப்பு எழுத்தறியாதாரும் உணருமாறு, தமிழிற் குரலாகக் கைப்பேசியில் ஒலித்தல் வேண்டும்.

இவ்வமைப்பிற்கு நேர்மை இன்றியமையாதது. கருவி பழுதுற்ற நேரத்திற் சுழியம் என்று எழுதுதல் பொய்ச்சான்றாகும். ‘அளவு வரவில்லை’ என்றே எழுதுதல் வேண்டும். மழையின்மையும் செய்தியின்மையும் ஒன்றல்லவே! பெரும்புயலில் ஒரு கருவி வாய்மூடுமாயின் அம்மௌனத்தையே எச்சரிக்கையாகக் கொள்ளல் வேண்டும். அளந்த நேரம், பதிவேட்டை வந்தடைந்த நேரம் ஆகிய இரண்டையும் குறித்தலும் வேண்டும். மின்னும் தொடர்பும் அறுந்த இரவில் காலந்தாழ்ந்து வரும் எண்ணைப் புதிய செய்தியெனக் கொள்வார் வழிதவறுவர்.

அளத்து முதியோர் காற்றின் திசையையும் மேகத்தின் நிறத்தையும் கண்டே மழையை உணர்வரே, அவர்க்கு இக்கருவிகள் எதற்கு என வினவுவாரும் உளர். அம்முதியோரின் அறிவு போற்றத்தக்கதே. ஆயினும் அவர் கண் காணும் எல்லை தம் வானளவே. இரவில் இருபது கல் தொலைவிற் பெய்யும் மழையை அவர் காணார். கருவி அவர் அறிவை நீக்க வருவதன்று; அதற்குத் துணையாக வருவது. எச்சரிக்கை பலகால் பொய்ப்பின் மக்கள் அதனைக் கேளாது விடுவர் என்பது மெய்யே. அதனாலன்றோ பழைய பதிவுகளை அழியாது வைத்தல் வேண்டுமென்கின்றோம்! எந்த எச்சரிக்கை பலித்தது, எது பொய்த்தது என்று அவற்றைக்கொண்டே ஆராய்ந்து அளவைத் திருத்தலாம்.

வேறொன்றும் வற்புறுத்தத் தக்கது. இப்பதிவு அலுவலகத்தின் பூட்டிய அறையில் கிடத்தலாகாது. கரைந்த உப்பிற்கும் மூழ்கிய வயலுக்கும் நிவாரணம் வேண்டுவார், இன்ன நாள், இன்ன மணி, இவ்வளவு மழை என்று சான்று காட்ட அஃது உதவல் வேண்டும். குத்தகையாளரும் கூலியாளரும் ஒருங்கே காணுமாறு அது திறந்திருப்பின், வலியவர் சொல்லே வரலாறாதல் ஒழியும்.

கணிதமும் இயற்பியலும் கணிப்பொறியியலும் பயிலும் நம் மாணவர் ஒரு மழைமானியையும் ஒரு பழைய கணிப்பொறியையும் கொண்டே இப்பணியைத் தொடங்கலாம். கல்லூரியின் பழைய மாணவர் பொருளுதவி புரியலாம். தமிழ் பயிலும் எம்மனோர், எச்சரிக்கையை அளத்தார் பேசும் சொற்களால் ஆக்கித் தரலாம். வரும் கோடைக்குமுன் ஓரளத்திலேனும் இது நடைபெறுமாயின், அடுத்த ஆண்டு மலரில் அதன் முதற்பதிவுகளை வெளியிடலாம். அவ்வெண்கள் நம் கட்டுரைகள் பலவற்றினும் அக்கரை மக்கட்குப் பயன் தருவனவாம்.