பணப்பை யார் கையில்? படையின் கடிவாளம் யார் கையில்?

"போருக்குப் பணம் வேண்டுமா? அப்படியானால் படை என்றைக்குத் திரும்பும் என்று தேதியைச் சொல்!"

2007-ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் அதிபர் புஷ்ஷைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. ஈராக்கை நாசக் காடாக்கிய போர் ஐந்தாம் ஆண்டில் நுழைந்திருந்த நேரம். ஏறத்தாழ 10,000 கோடி டாலர் கேட்டு நின்றார் புஷ். பணம் தருகிறோம், ஆனால் 2007 அக்டோபர் முதல் தேதிக்குள் படை திரும்பத் தொடங்க வேண்டும் என்று நிபந்தனை போட்டு இரு சபைகளும் சட்டம் நிறைவேற்றின. மே முதல் தேதி புஷ் அதைத் தனது வீட்டோ அதிகாரத்தால் வெட்டி எறிந்தார். வீட்டோவை முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும், அது கிடைக்கவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் எந்தக் கெடுவும் இல்லாமல் பணம் போய்ச் சேர்ந்தது.

அன்றைக்குப் புஷ் சொன்ன காரணம் என்ன? தேதி குறிப்பது எதிரிக்கு நாள் குறித்துக் கொடுப்பதாகும் என்பதுதான். அதே புஷ்ஷின் அரசு, 2008 நவம்பரில் ஈராக் அரசோடு செய்த ஒப்பந்தத்தில் என்ன எழுதிக் கொடுத்தது தெரியுமா? 2011 டிசம்பர் 31-க்குள் அமெரிக்கப் படை முழுவதும் வெளியேறும் என்று! தன் நாட்டு மக்களின் பிரதிநிதிகள் கேட்டபோது தேசத் துரோகம் போலப் பேசப்பட்ட தேதி, ஒன்றரை ஆண்டு கழித்து ராஜதந்திரம் ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் மாண்டுபோன ஈராக்கியர்களுக்கு யார் பதில் சொல்வது?

இதற்கு முன்பு அதே நாடாளுமன்றம் ஒரு முறை வென்றும் இருக்கிறது. 1973-இல் கம்போடியா மீது குண்டு வீசப் பணம் கிடையாது என்று கையை மடக்கியது. ஆகஸ்ட் 15-ஆம் தேதியோடு குண்டுவீச்சு நின்றது. நிக்சனின் மனம் இளகியதால் நின்றது என்று யாரும் நம்ப வேண்டாம். பை மூடப்பட்டது, விமானம் திரும்பியது.

அமெரிக்காவின் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் வீட்டுக் கதையும் இதுதான் என்பதால் சொல்கிறோம்.

1987 ஜூலை 29-இல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கையெழுத்திட்டார்கள். மறுநாளே இந்தியப் படை இலங்கையில் இறங்கியது. அமைதி காக்கப் போன படை அக்டோபரில் புலிகளோடு போரில் இறங்கியது. எத்தனை நாள் இருக்கும்? எவ்வளவு செலவாகும்? எந்த நிலை வந்தால் திரும்பும்? இவற்றை முன்வைத்து மக்களவையில் ஒரு வாக்கெடுப்பு நடந்ததா? இல்லை. நடத்த வேண்டிய கட்டாயமும் நம் அரசியல் சட்டத்தில் இல்லை. ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அந்த மண்ணில் உயிர் விட்டார்கள். செலவு எத்தனை கோடி என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். யாழ்ப்பாண மருத்துவமனைக்குள்ளும், 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையிலும் நம் படையின் துப்பாக்கிக்கு இரையான அப்பாவித் தமிழர்களின் கணக்கை யாரும் கேட்பதுகூட இல்லை.

கடைசியில் திரும்பும் தேதியைக் குறித்தவர் யார்? நம் மக்களவை அல்ல. இலங்கை அதிபர் பிரேமதாசா! 1989 ஜூலை 29-க்குள் வெளியேறு என்று அவர் கெடு விதித்தார். பேரம் பேசி, டிசம்பர் 31 என்று தள்ளி, ஆட்சி மாறி வி.பி.சிங் பிரதமராகி, 1990 மார்ச் 24-இல் கடைசிக் கப்பல் திருகோணமலையை விட்டுப் புறப்பட்டது. திரும்பிய படையை வரவேற்க அன்றைய முதல்வர் கலைஞர் போகவில்லை. அதைப் பற்றி இன்றளவும் மேடைகளில் பேசுகிறார்கள். அந்தப் படையை அனுப்பியபோது ஏன் மக்களவை வாக்களிக்கவில்லை என்று பேசுகிறவரைத்தான் காணோம்.

இதில் சட்டச் சிக்கல் ஒன்று இருக்கிறது. நம் வாசகர்கள் அதை அறிந்திருப்பது நல்லது. அமெரிக்க நாடாளுமன்றம் போல நம் மக்களவை நிதி மசோதாவில் நிபந்தனை எழுத முடியாது. அரசியல் சட்டத்தின் 113-ஆவது பிரிவின்படி மானியக் கோரிக்கையை ஏற்கலாம், மறுக்கலாம், அல்லது தொகையைக் குறைக்கலாம். அவ்வளவுதான். கொள்கையை எதிர்ப்பவர், கோரிக்கையை ஒரு ரூபாயாகக் குறைக்க வேண்டும் என்று வெட்டுத் தீர்மானம் கொண்டு வரலாம். அது வென்றால் அரசே கவிழும் நிலை. ஆளும் கட்சி உறுப்பினர் யாராவது மனசாட்சிப்படி அதற்கு வாக்களித்தால் 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் அவரது பதவியையே பறிக்கும். ராஜீவுக்கு அன்று நானூறுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் இருந்தார்கள். வாய் திறக்க முடிந்தவர் எத்தனை பேர்? போதாக்குறைக்கு 'கில்லட்டின்' என்று ஒரு முறை வேறு. விவாதிக்க நேரமில்லை என்று சொல்லி மீதிக் கோரிக்கைகளை மொத்தமாகக் குரல் வாக்கில் நிறைவேற்றி விடுவார்கள். 2018-இல் எல்லாத் துறைகளின் கோரிக்கைகளும், பாதுகாப்புத் துறை உட்பட, ஒரு விவாதமும் இல்லாமல் அப்படித்தான் நிறைவேறின. தலை வெட்டும் கருவியின் பெயரைப் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்!

இத்தனைக்கும் நம் மக்களவை வாய் திறந்தால் பலன் உண்டு. 2003 ஏப்ரலில் ஈராக் மீதான படையெடுப்பை மக்களவை ஒருமனதாகக் கண்டித்தது. இந்தியப் படையை ஈராக்குக்கு அனுப்புங்கள் என்று அமெரிக்கா நெருக்கியபோது, அந்த ஜூலையில் வாஜ்பாய் அரசு மறுத்துவிட்டது. தீர்மானம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டோம்; ஆனால் அதை மிதித்துவிட்டுப் போக அரசால் முடியவில்லை.

சரி, தேதி குறித்தால் போதுமா? இந்தக் கேள்வியை நம்மிடம் எழுப்பியவர் வடபழனியில் நடந்த நம் கூட்டத்துக்கு வந்திருந்த ஓர் இளைஞர். "படை வெளியேற வேண்டும் என்கிறீர்கள் ஹஜ்ரத். இந்தியப் படை வெளியேறிய பிறகுதானே காத்தான்குடி நடந்தது?" என்றார். நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

கப்பல் புறப்பட்டு மூன்று மாதம் ஆவதற்குள், 1990 ஜூன் 19-இல், வடபழனியை ஒட்டிய கோடம்பாக்கம் சக்கரியா காலனியில் ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணியின் தலைவர் பத்மநாபாவும் அவருடைய தோழர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இந்தியா ஆயுதம் கொடுத்து வளர்த்துவிட்டு, போகிற போக்கில் கைவிட்ட கூட்டம் அது. ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை இரவு, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷா தொழுகையில் நின்றவர்களைப் புலிகள் சுட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதானார்கள். சிறுவர்களும் அதில் உண்டு. அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி வாழ்ந்த மக்கள், கட்டிய துணியோடு புத்தளம் பக்கம் போய் ஒதுங்கினார்கள். அவர்களின் பிள்ளைகள், பேரர்கள் பலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

இந்தக் கொடுமைகளின் குற்றவாளி புலிகள்தான். அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் 1987 ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வடக்கு கிழக்கில் வாழும் எல்லாச் சமூகத்தாரின் உயிர்ப் பாதுகாப்புக்கும் இரு அரசுகளும் ஒத்துழைக்கும் என்று எழுதியிருக்கிறது. கிழக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள். அவர்களைக் கலந்து பேசாமலே வடக்கையும் கிழக்கையும் இணைத்தார்கள். 1988 முடிவதற்குள் கிழக்கில் வாக்கெடுப்பு என்றார்கள், அதுவும் நடக்கவில்லை. கப்பல் ஏறும்போது அந்த வாக்குறுதி யாருடைய பெட்டியில் இருந்தது?

ஆகவே படை மேலும் சில ஆண்டுகள் இருந்திருக்க வேண்டும் என்பது நம் பதில் அல்ல. போன முறையும் தவறு, திரும்பிய முறையும் தவறு. முதல் நாளே தேதியும் பொறுப்பும் எழுதப்பட்டிருந்தால், திரும்புவதற்கு முன்பாக "நீங்கள் போன பின் இந்த மக்களுக்கு யார் காவல்?" என்று கேட்க மக்களவைக்கு ஓர் இடம் கிடைத்திருக்கும். பிரேமதாசாவின் கெடுவில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

நம் வரலாற்றில் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. யர்மூக் போருக்கு முன், ரோமப் பெரும்படை திரண்டு வருகிறது என்றதும், அபூ உபைதா (ரலி) அவர்களின் தலைமையில் இருந்த முஸ்லிம் படை ஹிம்ஸ் நகரை விட்டுப் பின்வாங்க நேர்ந்தது. அந்நகர மக்களிடம் வாங்கிய வரியைத் திருப்பிக் கொடுத்தார்கள். உங்களைக் காப்பதற்காக வாங்கிய பணம் இது, காக்க முடியாத நிலையில் இதை வைத்துக்கொள்ள எங்களுக்கு உரிமை இல்லை என்றார்கள். பலாதுரி போன்ற வரலாற்றாசிரியர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். கொடுத்தவர்களோ பெரும்பாலும் கிறிஸ்தவர்கள்! படையையும் பணத்தையும் பாதுகாப்பையும் ஒரே கயிற்றில் கட்டியது அந்தத் தலைமை. வீரர்களை வீட்டிலிருந்து எத்தனை மாதம் பிரித்து வைக்கலாம் என்று தன் மகளார் ஹப்ஸா (ரலி) அவர்களிடம் கேட்டு வரம்பு விதித்தவர் உமர் (ரலி) அவர்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உண்டு. கெடு விதிப்பது கோழைத்தனம் என்று அந்த மாவீரர் கருதவில்லை.

கெடு என்ற பெயரில் ஏமாற்றும் நடக்கும். ஆயுதப்படை சிறப்பு அதிகாரச் சட்டம் அமலில் இருக்கும் பகுதிகளில் கலவரப் பகுதி அறிவிப்பை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. நடப்பது என்ன? ஆறு மாதம் முடிந்ததும் இன்னொரு அறிவிப்பு, இன்னொரு ஆறு மாதம். நாட்காட்டியில் தாள் கிழிப்பதற்குப் பெயர் மறுபரிசீலனை அல்ல.

எனவே நம் சமுதாய உறுப்பினர்களும், நம் வாக்குகளைப் பெற்றுச் சென்ற கட்சிகளின் உறுப்பினர்களும் மக்களவையில் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டு வர வேண்டும். ஐ.நா. பணி தவிர வேறு எதற்காகவும் இந்தியப் படை வெளிநாடு செல்வதானால் மக்களவை வாக்களிக்க வேண்டும். அந்த வாக்கில் முடியும் தேதி இருக்க வேண்டும். நீட்டிக்க வேண்டுமானால் மீண்டும் விவாதம், மீண்டும் வாக்கு. அதில் கொறடா உத்தரவு கூடாது. செலவு தனித் தலைப்பில் வர வேண்டும். அதைக் கில்லட்டினில் தள்ளக் கூடாது. திரும்பும் முன், அங்குள்ள சிறுபான்மையினரின் பாதுகாப்புக்குச் செய்த ஏற்பாடு என்ன என்று அரசு அவையில் அறிக்கை வைக்க வேண்டும். தனிநபர் மசோதா நிறைவேறுவது அரிது என்பது நமக்கும் தெரியும். விவாதத்துக்கு வந்தாலே, 1987-இல் கேட்கப்படாத கேள்விகள் முதன்முறையாக அவைக் குறிப்பில் ஏறும். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு ஜமாஅத் வாசலுக்கு வரும் வேட்பாளரிடம், இந்த மசோதாவை ஆதரிப்பீர்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.